அம்பத்தூரில் அணு உலை ஓட்டப் பழகினேன்

அணு உலை ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று மலேசியாவில் எங்கள் ஊரான ஈப்போவில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றாகவே இருந்தது. "ஜப்பானா, கொரியாவா?"

"அம்பத்தூர்" என்பேன்.

உடனே முகம் மாறிவிடும். "சென்னை பக்கம்தானே, வரும்போது சேலை வாங்கிட்டு வாங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். என் கணவர் மட்டும்தான் விஷயத்தைப் பற்றிக் கேட்டார். "வெடிச்சிடாதே லா?" என்றார், எங்கள் ஊர் 'லா' இழுப்போடு. வெடிக்காது. அது கணினிக்குள் மட்டும் இருக்கும் உலை. நான் தப்பாக ஓட்டினால் திரை சிவக்கும், மணி அடிக்கும், என் மானம் போகும். அவ்வளவுதான் சேதம்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சேதம் ஒன்று காத்திருந்தது. நான் ஈப்போவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கொதிகலன் பாடம் நடத்துகிறவள். சேர ஆளில்லாமல் அந்தப் பாடத்தை இந்த ஆண்டோடு மூடுகிறார்கள். அதற்குப் பதிலாக, தொழிற்சாலையில் செய்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வைக்கக்கூடிய சின்ன அணு உலைகளைப் பற்றிப் புதிய பாடம் வருகிறது. முதல்வர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பயிற்சியில் தேறி வந்தால் புதிய பாடம் உங்களுக்கு, மல்லிகா. இல்லையென்றால் மாணவர் விடுதி மேற்பார்வை காலியாக இருக்கிறது." விடுதி என்றால் நாற்றமடிக்கும் காலணிகளும் உடைந்த குழாய்களும்தான். எனக்குப் பலகைக்கு முன்னால் நின்று பேசுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆகவே ஐம்பத்திரண்டு வயதில், பையில் மைலோ பாக்கெட்டுகளோடு விமானம் ஏறினேன்.

திருநின்றவூரில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை கிடைத்தது. அங்கிருந்து அம்பத்தூருக்குப் புறநகர் ரயில். முதல் நாள் காலை நான் கொஞ்சம் சீக்கிரமே போய் நடைமேடையில் ஒழுங்காக நின்றேன். ரயில் வந்தது. இறங்குகிறவர்கள் இறங்கட்டும் என்று ஒதுங்கினேன். பிறகு எனக்கு முன்னால் நின்ற அம்மா ஏறட்டும் என்று ஒதுங்கினேன். பிறகு எனக்குப் பின்னால் நின்றவர்களும் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். ரயில் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே போனது. மூன்றாவது ரயிலில், பூக்கூடை வைத்திருந்த ஒரு பெண் என் கைப்பையின் வாரைப் பிடித்து என்னையும் சேர்த்து உள்ளே இழுத்துவிட்டாள்.

"இன்னாம்மா, யாரையாச்சும் வழியனுப்ப வந்தியா, இல்ல நீ போவணுமா?" என்று கேட்டாள்.

பெண்கள் பெட்டியில் அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மலேசியா என்று தெரிந்ததும் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஆவடி வருவதற்குள் என் சம்பளம், பிள்ளைகள், முழங்கால் வலி எல்லாம் அந்தப் பெட்டிக்கே தெரிந்துபோனது. எங்கள் ஊரில் ஒரே பேருந்தில் பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவரின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.

அம்பத்தூர் நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ. பின்னால் நான்கு பேர் ஏற்கனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஓட்டுநர் கிளம்பவில்லை. கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தார். "அட்ஜஸ் பண்ணி குந்துங்க, இன்னும் ஒரு ஆளுக்கு எடம் காலியா கீது" என்றார். நான் எங்கே என்று தேடினேன். எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஐந்தாவதாக ஏறியவர் அதைக் கண்டுபிடித்து உட்கார்ந்தும்விட்டார். 'காலியா கீது' என்ற அந்தச் சொற்கள் அடுத்த இரண்டு வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தப்போகின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பயிற்சி மையம் பல்சக்கரம் வெட்டும் பட்டறை ஒன்றுக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே இரும்பு அலறும். மேலே குளிர்சாதன அறையில் வரிசையாகத் திரைகள். ஒவ்வொரு திரை வரிசைக்கும் ஒரு கற்பனை உலை, அதை ஓட்ட இரண்டு பேர். ஒருவர் உத்தரவு சொல்ல வேண்டும். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

பயிற்சியாளர் ஆரோக்கியமேரி தூத்துக்குடிக்காரர். முகப்பேரில் குடியிருக்கிறார். சிரிக்கமாட்டார், ஆனால் சிரிப்புக் காட்டாமலே கேலி செய்வார். "உலை ஒண்ணும் ஸ்கூட்டர் இல்ல, முறுக்கின ஒடனே பாய" என்பதுதான் அவருடைய முதல் பாடம். உலைக்குள் கட்டுப்பாட்டுக் கம்பிகள் இறங்கியிருக்கும்வரை அது உறங்கும். கம்பியை ஒரு படி உயர்த்தினால் சக்தி ஏறத் தொடங்கும், ஆனால் நின்று நிதானித்துத்தான் ஏறும். அது ஏறி நிலைத்த பிறகுதான் அடுத்த படி. அவசரப்பட்டால் ஏறும் வேகம் எல்லை மீறி, உலை தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். அதற்கு டிரிப் என்று பெயர்.

எனக்கு ஜோடியாக வந்தவர் தில்லிபாபு. முப்பது வயது, ஆவடியை ஒட்டிய கோவில்பதாகைக்காரர். பரம்பரையாக அங்கே நெல் போட்ட குடும்பம், இவர் கணினி மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருந்துகொண்டே உலை வேலைக்கு மாறப் பார்க்கிறார். என்னைப் பார்த்ததும் "வணக்கம் மேடம்" என்றார். டீ வந்ததும் "யக்கா" ஆகிவிட்டேன். மாலைக்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

டீயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் தே தாரிக் ஒரு குவளை குடித்தால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். இங்கே தரும் டீ என் கட்டைவிரல் உயரம்தான். வாயில் வைத்தால் முடிந்துவிடும். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு முறை வரும், ஒவ்வொரு முறையும் கூடவே வாழைக்காய் பஜ்ஜி. கணக்குப் பார்த்தால் அம்பத்தூர்தான் ஜெயிக்கிறது.

முதல் ஓட்டம். நான் உத்தரவு, தில்லி கம்பி.

"ஒரு படி ஏத்து" என்றேன்.

"ஒரு படி ஏத்துறேன்" என்று ஏற்றினார். சக்திக் கோடு மெல்ல நகர்ந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதாவது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கோடு விருட்டென்று ஏறியது, திரை சிவந்தது, மணி அடித்தது.

"டிரிப்" என்றார் ஆரோக்கியமேரி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "யாரு ரெண்டாவது படி ஏத்துனது?"

தில்லி தன் விரலைப் பார்த்தார், அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல. "கோடு மெதுவா போச்சு யக்கா. மேல காலியா கீதேன்னு..." என்றார்.

அன்று ஐந்து முறை டிரிப். மறுநாள் அதைவிட அதிகம். பக்கத்து வரிசைகளிலும் இதே கதைதான். நானும் அவரும் இடம் மாறினால் வேறு கூத்து. நான் கம்பியைப் பிடித்தால் ஒவ்வொரு படிக்கும் எல்லா அளவுகளையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். மதியச் சாப்பாடு வந்துவிடும், எங்கள் உலை இன்னும் கண்ணே திறந்திருக்காது. "நீங்க ஓட்டுனா அடுத்த எலெக்ஷனுக்குத்தான் கரண்டு வரும் போல" என்றார் ஆரோக்கியமேரி. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நான் தயங்கியதே இல்லை. காலையில் நிலையத்துக்கு எதிரில் பொங்கலும் வடகறியும். வடகறி என்பது வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டு அதற்கு மோட்சம் கொடுப்பது. சாயங்காலம் ஆவடியில் இறங்கி அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. வாழைத்தண்டு சூப்போடு, கடைக்காரர் கையாலேயே பிசைந்து தருவார். முதல் வாய் வைத்ததும் எங்கள் ஊர் வறுத்த நூடுல்ஸான மீ கோரெங்குக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ரயிலில் வரும்போது இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. ஒருத்தி சொன்னாள், "எங்க ஊட்டாண்ட கீற பையனுக்கு அமெரிக்காவுல வேலையாம், ஊட்டுலருந்தே பாக்குறான்." மற்றவள் கேட்டாள், "அப்போ அமெரிக்காவுக்கு எப்போ போவான்?" "இன்னாத்துக்குப் போவணும், அதான் ஊட்டுக்கே வந்துகீதே." எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. நானும் அணு உலையைப் பல்சக்கரப் பட்டறை மாடியில்தானே ஓட்டிக்கொண்டிருந்தேன்?

ஞாயிற்றுக்கிழமை தில்லி என்னை ஸ்கூட்டரில் பூந்தமல்லிக்குப் பிரியாணி சாப்பிட அழைத்துப்போனார். அந்தச் சவாரியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இரண்டு பேருந்துகளுக்கு நடுவில் ஒரு முழம் இடைவெளி தெரிந்தால் நாங்கள் அதற்குள் இருந்தோம். லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் தெரிந்தால் அதிலும் இருந்தோம். என் முழங்கால் ஒரு தண்ணீர் லாரியின் சக்கரத்தைத் தொட்டு நலம் விசாரித்தது.

"தில்லி, முன்னால போற வண்டிக்கும் நமக்கும் கொஞ்சம் இடைவெளி விடு லா!" என்று கத்தினேன்.

"உட்டா என்ன ஆவும்னு காட்டவா யக்கா?" என்றார். விட்டார். அந்த இடைவெளியில் உடனே ஓர் ஆட்டோ வந்து நுழைந்தது. அதற்கும் இடைவெளி விட்டார். இரண்டு பைக்குகள் வந்தன. அவற்றுக்கும் விட்டார். ஒரு மாடு வந்து நின்றது. சிக்னல் பச்சையாகி மறுபடி சிவப்பானது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். பின்னாலிருந்து ஒருவர், "யோவ், குடும்பத்தோட குந்திகினு வேடிக்கை பாக்குறியா?" என்று திட்டினார்.

"பாத்தியா? இந்த ரோட்டுல காலி எடத்த உட்டா நாம ஊடு போய்ச் சேர மாட்டோம்" என்றார் தில்லி.

அவர் சொன்னது நியாயம்தான். மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவருடைய விரலில் குற்றமே இல்லை. முப்பது வருடமாக இந்தச் சாலையில் வளர்ந்த விரல் அது. காலி இடத்தைக் கண்டால் மூளையைக் கேட்காமலே நகரும்.

பிரியாணிக் கடையில் கூட்டம். சுவரோரம் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. தில்லி பாய்ந்து போனார். போன வேகத்தில் நின்றுவிட்டார். நாற்காலியின் மேல் ஒரு பச்சைத் துண்டு கிடந்தது. ஆள் இல்லை. யாரும் காவலும் இல்லை. ஆனால் அவர் அதைத் தொடவே இல்லை. அத்தனை பசியோடு அத்தனை பேர் நின்றார்கள், ஒருவரும் தொடவில்லை.

"உக்கார வேண்டியதுதானே?" என்றேன்.

"துண்டு போட்டுகிறாங்க யக்கா!" என்றார், நான் ஏதோ கோயில் உண்டியலை உடைக்கச் சொன்னதுபோல.

எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. அங்கேயே, கத்திரிக்காய் தொக்கு வாசனைக்கு நடுவில், நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். கம்பியை ஒரு படி ஏற்றியதும் வரவேண்டிய சக்தி முழுவதும் உடனே வருவதில்லை. மீதி பின்னால் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே மேலே காலியாகத் தெரியும் இடம் காலி இல்லை. வரப்போகிறவர் அங்கே துண்டு போட்டிருக்கிறார்.

தில்லி வாயைப் பிளந்தார். "அட, இத அந்த மேடம் மொத நாளே சொல்லிருந்தா நான் ஏன் யக்கா இத்தினி வாட்டி டிரிப் பண்ணப் போறேன்?" என்றார்.

திங்கட்கிழமை முதல் ஒவ்வொரு படிக்கும் பிறகு அவர் கையைக் கட்டிக்கொண்டு, "துண்டு கெடக்கு, துண்டு கெடக்கு" என்று முணுமுணுத்தார். கோடு நிலைத்ததும் "ஆள் வந்துட்டாரு யக்கா" என்பார். நான் அடுத்த உத்தரவு கொடுப்பேன். ஒரு டிரிப்பும் இல்லாமல் முழுச் சக்திக்குப் போனோம். அடுத்த நாள் பக்கத்து வரிசையிலும் துண்டு கிடக்க ஆரம்பித்தது. ஆரோக்கியமேரி காதில் விழாததுபோல நடந்தார், ஆனால் சாயங்காலம் பலகையில் சக்திக் கோட்டுக்கு மேல் ஒரு துண்டை வரைந்துவிட்டுப் போனார்.

வாரக் கடைசியில் தேர்வு. விதி எளியது. உலையை முழுச் சக்தியில் ஒப்படைத்தால் தேர்ச்சி. நடுவில் என்ன கோளாறு வரும் என்பது ஆரோக்கியமேரிக்கு மட்டும்தான் தெரியும். நான் அன்று காலை பொங்கலைக்கூட மீதி வைத்தேன்.

எங்கள் உலை அழகாக ஏறியது. முழுச் சக்தியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அப்போது தண்ணீர் செலுத்தும் பம்பு ஒன்று நின்றது, உலை அணைந்தது. இது எங்கள் தவறல்ல, தேர்வின் பகுதி. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ஓடிய உலை அணைந்தால் அதன் உள்ளே ஜெனான் என்ற வாயு சேர்ந்துகொண்டே போகும். அது எரியவேண்டியதை எரியவிடாது. சேர்வதற்குள் பம்பைச் சரிசெய்து மறுபடி தொடங்கிவிட வேண்டும். தவறினால் அது கரையும்வரை, ஒரு நாளாவது, காத்திருக்க வேண்டும். எங்கள் கணினி உலையில் மணிநேரங்கள் நிமிடங்களாக ஓடிக்கொண்டிருந்தன.

தில்லி பம்பை மாற்றிவிட்டார். "ரெடி யக்கா."

நான் அளவுகளைச் சரிபார்த்தேன். மறுபடி சரிபார்த்தேன். ஏதோ விட்டுப்போனதுபோல் இருந்தது, மூன்றாவது முறையும் பார்த்தேன். தில்லி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் கற்றுக்கொடுத்த பொறுமையோடு, என் உத்தரவு வரட்டும் என்று, நெற்றி வியர்க்க வியர்க்க அசையாமல் காத்திருந்தார். நடைமேடையில் நான் ஒதுங்கி ஒதுங்கி நின்ற அதே லட்சணம்தான். இந்த முறை வாரைப் பிடித்து இழுக்க யாருமில்லை.

"ஏத்து" என்றேன் கடைசியில்.

"ஏத்துறேன்." சக்திக் கோடு அசையவில்லை. இன்னொரு படி. இன்னொன்று. நான் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜெனான் சேர்ந்துவிட்டிருந்தது, உலை விழிக்கவே இல்லை. கம்பிகள் மேலே போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு தொடக்கத்துக்கும் கம்பி இந்த உயரத்துக்குள் இருக்கும்போதே உலை விழித்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டு ஓர் எல்லைக் கோடு கிழிப்பார்கள். அதுவரை போயும் விழிக்கவில்லை என்றால் கணக்கு தப்பு, கம்பிகளை இறக்கிவிட வேண்டும். அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டோம்.

தில்லி என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிப்போயிருந்தது. "யக்கா, கோட்டுக்கு மேல இன்னும் எடம் கீது. ஏத்திப் பாக்கலாமா? ஒனக்கு அந்தப் பாடம் போயிடுமே."

எனக்கும் ஏற்றிப் பார்க்க ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு ஆசை. இது நிஜ உலை இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒருவேளை விழித்துக்கொண்டால் தேர்ச்சி, வகுப்பறை, பலகை எல்லாம் எனக்குத்தான். ஆனால் அடுத்த ஆண்டு என் மாணவர்களுக்கு முன்னால் நின்று, 'இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்' என்று நான்தானே சொல்ல வேண்டும்? எந்த முகத்தோடு சொல்வேன்?

"இறக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "முழுசாவா யக்கா?"

"முழுசா இறக்கு, தில்லி."

"முழுசா இறக்குறேன்" என்று திருப்பிச் சொன்னார். கம்பிகள் அடிவரை இறங்கின. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

ஆரோக்கியமேரி வந்து எங்கள் திரையைப் பார்த்தார். "யாரு நிறுத்தச் சொன்னது?"

"நான்தான்."

"எப்பத் தொடங்குவிய?"

"ஜெனான் கரைஞ்சதும். நாளைக்கு."

"நாளைக்குப் பரீட்சை கெடையாது, மல்லிகா."

"உலை இருக்குமே மேடம்" என்றேன்.

அவர் தன் மேசைக்குப் போனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எதையோ தட்டினார். எங்கள் திரையின் மூலையில் இருந்த கடிகாரம் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடத் தொடங்கியது. மணிகள் கடகடவென்று உருண்டன. ஜெனான் மலைபோல் ஏறி, உச்சியில் திரும்பி, சரிந்து சரிந்து தரைக்கு வந்தது.

"விடிஞ்சிட்டு" என்றார் ஆரோக்கியமேரி அங்கிருந்தே. "உலை பத்திரமா இருக்கு. தொடங்குங்க."

தில்லி நாற்காலியிலிருந்து ஓரடி எழும்பினார். நான் ஒரே ஒரு முறை சரிபார்த்தேன், ஒரே முறைதான், சத்தியமாக. "ஒரு படி ஏத்து!" என்று கத்தினேன். கீழே பட்டறையில் கேட்டிருக்கும். "ஒரு படி ஏத்துறேன்!" என்று அதைவிடச் சத்தமாக அவர் கத்தினார். கோட்டுக்கு வெகு கீழேயே உலை விழித்துக்கொண்டது. படிப்படியாக, ஆள் வந்து உட்கார உட்கார, முழுச் சக்திக்குக் கொண்டுபோய் ஒப்படைத்தோம். தில்லி அடித்த விசிலுக்குப் பக்கத்து வரிசைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் வாய்விட்டு அழுதேன், சிரித்தேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

ஆரோக்கியமேரி தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு வாரத்தில் முதல் முறையாக அவருடைய பல் தெரிந்தது.

"ஒங்க ஊர்ல போயி மொத வகுப்ப எதுலேந்து ஆரம்பிப்பிய?" என்று கேட்டார்.

"நிறுத்துறதுலேருந்து மேடம்" என்றேன்.